கேள்வி-பதில்: மகள் கல்யாணமும் அமெரிக்க கிரீன் கார்டும்

அமெரிக்காவில் இருக்கும் பிள்ளைகள், அண்ணன் தம்பிகள் மூலமாகக் குடும்பத்தோடு அங்கே போவது பற்றி நிறையப் பேர் எழுதியிருக்கிறார்கள். ஒரே மாதிரிக் கேள்விகளைச் சேர்த்துப் பதில் சொல்கிறேன். முதல் கடிதத்துக்கு மட்டும் கொஞ்சம் நீளமாகவே எழுத வேண்டியிருக்கிறது, ஏனென்றால் அதே சிக்கலில் மாட்டிக்கொள்ளும் வீடுகள் நிறைய.

என் அண்ணன் மனு போட்டு நானும் மனைவியும் கிரீன் கார்டில் நியூஜெர்சி வந்தோம். மகளுக்கு 21 வயது தாண்டிவிட்டதால் அவளால் வர முடியவில்லை, மதுரையில் மாமா வீட்டில் தங்கி வேலை பார்க்கிறாள். வந்த கையோடு அவளுக்கு மனு போட்டுவிட்டேன். இப்போது நல்ல வரன் அமைந்திருக்கிறது, தையில் முகூர்த்தம் வைக்கலாம் என்கிறார்கள். கல்யாணம் ஆனால் மனு என்ன ஆகும்? பதிவு செய்யாமல் கோயிலில் தாலி மட்டும் கட்டி வைத்தால் பரவாயில்லையா?
- ஒரு தந்தை, நியூஜெர்சி

ஐயா, சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். நீங்கள் கிரீன் கார்டில் இருக்கும்போது மகள் கழுத்தில் தாலி ஏறினால், அந்த மனு அன்றோடு முடிந்தது. கிரீன் கார்டு வைத்திருப்பவர் கணவன் அல்லது மனைவிக்கும், கல்யாணம் ஆகாத பிள்ளைகளுக்கும் மட்டும்தான் மனு போட முடியும். கல்யாணமான பிள்ளைக்கு அவர் மூலமாக வழியே கிடையாது. நீங்கள் தகவல் சொன்னாலும் சொல்லாவிட்டாலும் மனு தானாகவே ரத்தாகிவிடும். பிற்பாடு அந்தக் கல்யாணம் முறிந்துபோனாலும் பழைய மனு உயிர் பெறாது, புதிதாகத்தான் போட வேண்டும், இத்தனை வருஷம் காத்திருந்த தேதியும் போய்விடும்.

கோயிலில் மட்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். பலர் நம்பிக் கெட்ட யோசனை இது. இந்து திருமணச் சட்டப்படி சடங்கு முறையாக நடந்தாலே கல்யாணம் செல்லும், பதிவு என்பது அதற்குச் சாட்சிதான். தமிழ்நாட்டில் சுயமரியாதைத் திருமணமும் அப்படியே செல்லும். ஆகவே தாலி கட்டிவிட்டு 'இன்னும் கல்யாணம் ஆகவில்லை' என்று விசா அதிகாரி முன்னால் சத்தியம் செய்தால் அது பொய். பத்திரிகை அடித்து, மண்டபம் பிடித்து, ஊரையே கூப்பிட்டு நடத்தும் கல்யாணத்தின் படம் யாராவது ஒரு சித்தப்பா மகனின் ஃபேஸ்புக்கில் இருக்கத்தான் செய்யும். பொய் சொல்லி விசா கேட்டது தெரிந்தால் வாழ்நாள் முழுக்கத் தடை வரலாம். தெரியாமல் உள்ளே வந்துவிட்டாலும், குடியுரிமைக்கு விண்ணப்பிக்கும்போது பழைய காகிதங்களை மறுபடி புரட்டுவார்கள். பிறகு அவள் கணவனை அழைத்துக்கொள்ள மனு போடும்போது கல்யாணத் தேதியைக் கேட்பார்களே, அங்கே என்ன எழுதுவாள்?

சரி, என்னதான் செய்வது? எல்லாம் உங்கள் குடியுரிமையைப் பொறுத்தது. நீங்கள் அமெரிக்கக் குடிமகனாகி உறுதிமொழி எடுத்த பிறகு மகள் கல்யாணம் செய்தால் மனு சாகாது. கல்யாணமான பிள்ளைகளுக்கான எஃப்-3 பிரிவுக்கு அது மாறிவிடும், முதலில் போட்ட தேதியும் அப்படியே இருக்கும். அதில் ஒரு நன்மையும் உண்டு: மாப்பிள்ளையும் பிறக்கப்போகும் பிள்ளைகளும் அவளோடு சேர்ந்தே வரலாம். ஆனால் அந்த வரிசை நீளம், 2025-ல் சுமார் 14 வருஷத்துக்கு முன்பு மனு போட்டவர்களின் முறைதான் நடந்தது. கல்யாணமாகாத மகளாக இப்போதுள்ள எஃப்-2பி வரிசையிலேயே இருந்தாலும் எட்டு ஒன்பது வருஷம் என்றுதான் வைத்துக்கொள்ள வேண்டும்.

கிரீன் கார்டு வாங்கி ஐந்து வருஷம் ஆனால் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கலாம், அந்தத் தேதிக்கு 90 நாள் முன்பே மனு ஏற்றுக்கொள்வார்கள். உறுதிமொழிக்குச் சில மாதம்தான் பாக்கி என்றால், சம்பந்தி வீட்டாரிடம் உண்மையைச் சொல்லி முகூர்த்தத்தைத் தள்ளி வையுங்கள். நிச்சயதார்த்தம் தாராளமாக நடத்தலாம், அதனால் மனுவுக்கு ஒன்றும் ஆகாது. இன்னொன்று, மனு போட்டவர் நீங்கள் என்பதால் நீங்கள்தான் குடிமகனாக வேண்டும். மனைவி முதலில் ஆகிவிட்டார் என்பது இந்த மனுவைக் காப்பாற்றாது.

உறுதிமொழிக்கு இன்னும் மூன்று நான்கு வருஷம் இருக்கிறதென்றால் என் கருத்து வேறு. பெண்ணுக்குப் பிடித்த வரனாக இருந்தால் கல்யாணத்தை நடத்துங்கள். ஒரு காகிதத்துக்காக அவளை முப்பத்தைந்து வயது வரை மாமா வீட்டில் உட்கார வைப்பதை என்னால் நல்ல யோசனை என்று சொல்ல முடியவில்லை. நீங்கள் குடிமகனான பிறகு புது மனு போடலாம். எதுவானாலும் மகளிடம் இரண்டு பாதைகளையும் விளக்கிச் சொல்லி, முடிவை அவளிடமே விடுங்கள். கடிதம் முழுக்கத் தேடினேன், அவள் என்ன நினைக்கிறாள் என்று ஒரு வரிகூட இல்லை.

மகனுக்குப் போன மாதம் கிரீன் கார்டு வந்துவிட்டது. எங்கள் இரண்டு பேரையும், கல்லூரியில் படிக்கும் சின்ன மகளையும் எப்போது கூப்பிட முடியும்?
- ஒரு வாசகி, திருச்சி

இப்போது முடியாதம்மா. பெற்றோருக்கு மனு போட மகன் அமெரிக்கக் குடிமகனாக இருக்க வேண்டும், 21 வயதும் ஆகியிருக்க வேண்டும். குடிமகனாகிவிட்டால் உங்களுக்கு வரிசையே கிடையாது, பெற்றோருக்கு வருஷத்துக்கு இத்தனை பேர்தான் என்ற வரம்பு இல்லை. ஆனால் அப்பாவுக்கு ஒன்று, அம்மாவுக்கு ஒன்று என்று தனித்தனி மனு, தனித்தனிக் கட்டணம். மகளை உங்களோடு சேர்த்துக்கொள்ள முடியாது. அவளுக்கு அண்ணன் தனியாக, உடன்பிறந்தவர்களுக்கான எஃப்-4 பிரிவில் மனு போட்டு, அவள் அந்த நீண்ட வரிசையில் நிற்க வேண்டும். நீங்கள் அங்கே, படித்துக்கொண்டிருக்கும் பெண் இங்கே என்று ஆகிவிடும் என்பதை இப்போதே யோசித்துக்கொள்ளுங்கள்.

அக்கா எனக்கு மனு போட்டுப் பல வருஷம் ஆகிறது. என் மகனுக்கு இப்போது 19. முறை வருவதற்குள் 21 தாண்டிவிட்டால் அவனை விட்டுவிட்டுத்தான் போக வேண்டுமா?
- ஒரு வாசகர், கோவை

உடன்பிறந்தவர்களுக்கான வரிசை எவ்வளவு நீளம் என்றால், 2025-ல் இந்தியர்களுக்கு 2006-ல் மனு போட்டவர்களின் முறைதான் நடந்தது. உலகம் முழுவதற்கும் சேர்த்து இந்தப் பிரிவில் வருஷத்துக்கு 65,000 விசா, அதற்குள் நாட்டு வாரியான வரம்பு வேறு. அக்கா எந்தத் தேதியில் மனு போட்டார் என்று பாருங்கள், அதுதான் உங்கள் டோக்கன் நம்பர். அமெரிக்க வெளியுறவுத் துறை மாதாமாதம் வெளியிடும் விசா புல்லட்டினில் இந்தியா என்ற பத்தியில் எஃப்-4 வரிசையைப் பாருங்கள், போதும்.

மகன் விஷயத்துக்கு வருகிறேன். 2002-ல் வந்த ஒரு சட்டம் பிள்ளைகளின் வயதில் ஒரு கழித்தல் போட்டுக்கொள்ள விடுகிறது. மனு கொடுத்த நாளிலிருந்து அப்ரூவ் ஆன நாள் வரை எத்தனை நாள் அலுவலகத்தில் கிடந்ததோ, அத்தனை நாளை அவன் வயதிலிருந்து கழிக்கலாம். முறை வரும்போது அவனுக்கு 23 வயது 2 மாதம், மனு 4 வருஷம் கிடந்தது என்றால் கணக்குப்படி 19 வயது 2 மாதம், அவனும் வரலாம். முறை வந்த ஒரு வருஷத்துக்குள் அவனுக்காக விண்ணப்ப நடவடிக்கை எடுத்தாக வேண்டும், அவனுக்குக் கல்யாணம் ஆகியிருக்கக் கூடாது. ஆகவே அக்காவின் மனு அப்ரூவ் ஆன காகிதத்தைப் பத்திரமாக வைத்திருங்கள், இரண்டு தேதிகளும் அதில்தான் இருக்கின்றன.

அதே மாதிரி தம்பி எனக்கு மனு போட்டிருக்கிறான். இப்போது அவன் வீட்டு கிரகப்பிரவேசத்துக்கு டூரிஸ்ட் விசா கேட்கலாம் என்றால், படிவத்தில் 'உங்களுக்காக யாராவது குடியேற்ற மனு போட்டிருக்கிறார்களா' என்று இருக்கிறது. இல்லை என்று போட்டுவிடச் சொல்கிறார் இங்கே ஒருவர்.
- ஒரு வாசகர், திருநெல்வேலி

ஆம் என்று போடுங்கள். அந்த மனு அவர்கள் கணினியிலேயே இருக்கிறது. மனு இருப்பதால் மட்டும் டூரிஸ்ட் விசா மறுக்கப்படுவதில்லை, மறைத்தால்தான் பெரிய ஆபத்து. திரும்பி வருவீர்கள் என்று அதிகாரி நம்ப வேண்டும், அதற்கு வேலை, குடும்பம், எத்தனை நாள் லீவு என்று இருப்பதை இருக்கிறபடி சொன்னால் போதும். விசா பத்து வருஷத்துக்குக் கிடைத்தாலும் ஒரு தடவை எத்தனை நாள் தங்கலாம் என்பதை விமான நிலையத்தில்தான் முடிவு செய்வார்கள், வழக்கமாக ஆறு மாதம். அந்தத் தேதியைத் தாண்டாதீர்கள்.

பணம் கொடுத்தால் வரிசையில் முன்னே கொண்டுபோவதாக ஒரு ஏஜென்ட் சொல்கிறார்.
- ஒரு வாசகர், சேலம்

கொடுக்காதீர்கள். அந்த வரிசை மனு தேதிப்படி மட்டுமே நகரும்.

நான் 1958-ல் கிராமத்தில் வீட்டிலேயே பிறந்தவள், பிறப்புச் சான்றிதழ் இல்லை. மகள் மனு போட்டு, அடுத்து காகிதங்கள் கேட்டிருக்கிறார்கள். பாஸ்போர்ட்டிலும் என் பெயர் மட்டும்தான், குடும்பப் பெயர் என்று ஒன்றும் இல்லை. சிக்கல் வருமா?
- ஒரு வாசகி, தஞ்சாவூர்

பயப்பட வேண்டாம், உங்கள் வயதுக்காரர்கள் பாதிப்பேருக்கு இதே கதைதான். பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டமே 1969-ல் வந்ததுதானே. முதலில் உங்கள் ஊர் பிறப்புப் பதிவு அலுவலகத்தில் எழுதிக் கொடுத்து, பதிவேட்டில் உங்கள் பிறப்பு பதிவாகவில்லை என்று ஒரு சான்று வாங்குங்கள். அதோடு, நீங்கள் பிறந்தது நேரடியாகத் தெரிந்த மூத்த உறவினர்கள் இருவரின் அஃபிடவிட், பள்ளிச் சான்றிதழ் இருந்தால் அதையும் வையுங்கள். அஃபிடவிட்டில் உங்கள் அப்பா அம்மா பெயர், பிறந்த ஊர், தேதி, எழுதுபவருக்கு அது எப்படித் தெரியும் என்பது எல்லாம் இருக்க வேண்டும்.

பெயர் விஷயம். பாஸ்போர்ட்டில் ஒரே பெயர் இருந்தால் அமெரிக்க விசாவில் உங்கள் பெயர் குடும்பப் பெயர் இருக்கும் கட்டத்துக்குப் போய்விடும், சொந்தப் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'எஃப்என்யூ' என்று மூன்று எழுத்து வந்து உட்காரும். பெயர் தெரியவில்லை என்று பொருள். பிறகு அங்கே ஓட்டுநர் உரிமம், வங்கிக் கணக்கு, மருந்துச் சீட்டு வரைக்கும் அந்த மூன்று எழுத்து துரத்தும். ஆகவே நேர்காணலுக்கு முன்பே பாஸ்போர்ட்டில் அப்பா பெயரையோ கணவர் பெயரையோ குடும்பப் பெயராகச் சேர்த்துப் புதுப்பித்துவிடுங்கள், இனி எல்லாக் காகிதத்திலும் அதே எழுத்துக்கூட்டு. நேர்காணல் சென்னையில் நடக்கும் என்று டிக்கெட் போட்டுவிடாதீர்கள், குடும்ப கிரீன் கார்டுக்குப் பெரும்பாலும் மும்பைக்குத்தான் போக வேண்டியிருக்கும், கடிதத்தில் எந்த ஊர் என்று இருக்கும்.

நானும் கணவரும் கிரீன் கார்டு வாங்கி மூன்று வருஷம். குளிரும் தனிமையும் ஒத்துக்கொள்ளவில்லை, கும்பகோணத்தில்தான் இருக்கிறோம். வருஷத்துக்கு ஒரு தடவை போய்த் தலை காட்டிவிட்டு வந்தால் கார்டு நிற்கும் என்கிறான் மகன்.
- ஒரு வாசகி, கும்பகோணம்

மகன் சொல்வது பாதிதான் சரி. ஒரே மூச்சில் ஒரு வருஷத்துக்கு மேல் வெளியே இருந்தால் கார்டை மட்டும் வைத்துக்கொண்டு உள்ளே போக முடியாது, ஆறு மாதத்தைத் தாண்டினாலே கேள்வி வரும். அதற்குள்ளாகப் போய்ப் போய் வந்தாலும், நீங்கள் உண்மையில் குடியிருப்பது எங்கே என்றுதான் பார்ப்பார்கள். சில காலம் மட்டும் ஊரில் இருக்க வேண்டிய காரணம் இருந்தால், அமெரிக்காவில் இருக்கும்போதே ரீ-என்ட்ரி பெர்மிட் என்ற மறுபடி உள்ளே வரும் அனுமதிக்கு விண்ணப்பியுங்கள், இரண்டு வருஷம் வரை தாங்கும்.

நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் அங்கே குடியிருக்க உங்களுக்கு மனமில்லை. அப்படியானால் ஐ-407 படிவம் கொடுத்துக் கார்டை முறைப்படி ஒப்படைத்துவிட்டு, அதன் நகலோடு டூரிஸ்ட் விசா கேளுங்கள். குடியேறும் எண்ணம் இல்லை என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி இல்லை. ஆனால் அது நீங்களாக யோசித்துச் செய்ய வேண்டியது. விமான நிலையத்தில் தூக்கக் கலக்கத்தில் நிற்கும்போது ஓர் அதிகாரி நீட்டினால் அந்தப் படிவத்தில் கையெழுத்துப் போடக் கட்டாயம் இல்லை, குடியேற்ற நீதிபதி முன்னால் பேசிக்கொள்கிறேன் என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. கணவரிடமும் இதைச் சொல்லி வையுங்கள்.