கணவரின் விசா மறுக்கப்பட்டுவிட்டது, கல்யாண அல்பம் உதவுமா?

கேள்வி: நான் பிரிட்டிஷ் பிரஜை. யாழ்ப்பாணத்திலிருந்து மாணவர் விசாவில் லண்டன் வந்த என் கணவர், விசா முடிந்த பிறகும் இங்கேயே தங்கிவிட்டார்; அப்புறம்தான் எங்களுக்குக் கல்யாணம். இங்கே பிறந்த மகனுக்கு 3 வயது, பேச்சு தாமதம் என்று தெரபிக்குப் போகிறான். "குடும்பத்தோடு இலங்கையில் போய் வாழலாம்" என்று ஹோம் ஒபிஸ் (பிரிட்டிஷ் உள்துறை அமைச்சு) மறுத்துவிட்டது. மகனைப் பற்றிக் கடிதத்தில் இரண்டே வரிதான். கல்யாண அல்பத்தை அனுப்பினால் போதும் என்று தெரிந்தவர் ஒருவர் சொல்கிறார். போதுமா?

பதில்: போதாது, சகோதரி. உங்கள் கல்யாணம் உண்மையானது என்பதை ஹோம் ஒபிஸ் மறுக்கவே இல்லையே!

முதலில் தேதியைப் பாருங்கள். கடிதம் அனுப்பப்பட்ட நாளிலிருந்து 14 நாட்களுக்குள் மேல்முறையீடு செய்ய வேண்டும். நேரில் விசாரணை வேண்டுமென்றால் கட்டணம் 140 பவுண், காகிதத்தில் மட்டும் என்றால் 80. அறுபது பவுணை மிச்சம் பிடிக்கப் பார்க்காதீர்கள், நீதிபதி உங்கள் இருவரையும் பார்த்துப் பேசுவது இந்த மாதிரி கேஸில் பெரிய விஷயம். உரிய நேரத்தில் அப்பீல் போட்டு அது நிலுவையில் இருக்கும்வரை கணவரை நாட்டைவிட்டு அனுப்ப முடியாது.

இனி முக்கியமான இடம். குடும்ப வாழ்க்கை உரிமை ஐரோப்பிய மனித உரிமை உடன்படிக்கையின் 8வது பிரிவில் இருக்கிறது. ஆனால் விசா இல்லாத காலத்தில் உண்டான உறவுக்கு நீதிபதி குறைந்த மதிப்பே தர வேண்டும் என்று பிரிட்டனின் 2002ஆம் ஆண்டு குடியுரிமை, குடிவரவு, தஞ்சச் சட்டத்தின் 117பி பிரிவு சொல்கிறது, அதனால் உங்கள் கல்யாணம் இந்த வழக்கில் பலவீனமான தூண். அதே பிரிவின் 6வது உட்பிரிவில்தான் உங்கள் பலம் இருக்கிறது: பிரிட்டிஷ் பிள்ளையோடு உண்மையான பெற்றோர் உறவு இருந்து, அந்தப் பிள்ளை நாட்டைவிட்டுப் போக வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை என்றால், தந்தையை வெளியேற்றுவது பொதுநலனுக்குத் தேவையில்லை. (குற்றத்துக்காக நாடுகடத்தப்படுபவருக்கு இது பொருந்தாது.)

ஆகவே அந்த இரண்டு வரிகளைத்தான் பிடிக்க வேண்டும். "உயிருக்குயிராக நேசிக்கிறோம்" என்று மூன்று பக்கம் எழுதுவதைவிட, பிள்ளையைத் தெரபிக்குக் கூட்டிப்போவது யார், தெரபிஸ்ட் சொல்லிக்கொடுத்ததை இரவில் அவனோடு உட்கார்ந்து செய்வது யார், எந்த மொழியில் என்று எழுதுங்கள். தெரபிஸ்டிடமும் நேர்சரியிடமும் கடிதம் வாங்குங்கள், அதில் தந்தை பெயர் இருக்கட்டும்.

விசா இல்லாமல் இருந்த வருடங்களை மறைக்க வேண்டாம், ஹோம் ஒபிஸ் தரப்பு குறுக்கு விசாரணையில் முதலில் தொடுவது அதைத்தான். அந்தத் "தெரிந்தவர்" காசு வாங்குகிறாரா? பதிவு இல்லாமல் குடிவரவு ஆலோசனைத் தொழில் செய்வது இங்கே குற்றம், பதிவு எண்ணைக் கேளுங்கள். ஏற்கெனவே பத்து நாள் ஓடிவிட்டதென்றால் இன்றே ஒரு நல்ல சட்டத்தரணியைப் பிடித்து அப்பீலை ஆன்லைனில் போட்டுவிடுங்கள். கடிதங்களை அப்புறம் சேர்க்கலாம்.