நாலு செஷனில் அலுக்கும் கேரக்டர், இரண்டு வருஷம் தாங்கும் கேரக்டர்

கேள்வி: மன்னார்குடியில் டி.எம்.மை (கதையை நடத்துகிறவரை) தவிர்த்து ஆறு பேர், ஞாயிறுதோறும் மூன்று மணி நேரம் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆடுகிறோம்; ஆளுக்கு ஒரு கேரக்டரை எடுத்துக்கொண்டு, பேசியும் பகடை உருட்டியும் கதை நகர்த்துகிற ஆட்டம். எட்டு மாதத்தில் மூன்று கேரக்டர் மாற்றிவிட்டேன். அப்பாவைக் கொன்றவனைத் தேடும் போர்வீரன், யாரோடும் பேசாத ஒற்றன், எதற்கெடுத்தாலும் பாட்டுக் கட்டும் பாணன். மூன்றுமே நாலைந்து செஷனில் அலுத்துப்போயின. இப்போது ராஜேந்திர சோழன் காலத்து நாகப்பட்டினத்தில் புதுக்கதை ஆரம்பம். இரண்டு வருஷம் ஓடுமாம். ஆன்லைனில் ஒருவர் ஐந்து பக்க முன்கதை, வண்ணப்படம், இருபதாம் லெவல் வரை திட்டம் எல்லாம் சேர்த்து 1,500 ரூபாய் என்கிறார், 500 முன்பணம். வாங்கலாமா? இல்லை நானே செய்வதென்றால் எப்படி?

பதில்: வாங்காதீர்கள். காரணம் பணம்கூட இல்லை, நேரம். மூன்று மணி நேரத்தில் பாதியை டி.எம். பேசித் தீர்த்துவிடுவார். மீதி 90 நிமிஷத்தை ஆறு பேர் பங்கு போட்டால் ஆளுக்குப் பதினைந்து நிமிஷம். வாரத்துக்குப் பதினைந்து நிமிஷம், அவ்வளவுதான் உங்கள் கேரக்டரின் ஆயுள். அந்த ஐந்து பக்கத்தை வாய்விட்டுப் படித்தாலே ஒரு வாரப் பங்கு காலி. கேட்கிற மற்ற ஐந்து பேரும் செல்போனை எடுத்துவிடுவார்கள். ஆகவே கேட்க வேண்டிய கேள்வி "இவள் யார்?" என்பதல்ல. "இந்த வாரம் பதினைந்து நிமிஷத்தில் இவளுக்கு என்ன வேலை?" என்பதுதான்.

அதை வைத்து உங்கள் மூன்று பேரையும் பார்த்தால் நோய் தெரிந்துவிடும். போர்வீரனுக்கு ஒரே வேலை, பழிவாங்குவது. கொலைகாரன் கிடைக்கும்வரை சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும், கிடைத்துவிட்டால் மூட்டை கட்ட வேண்டும். ஒற்றன் பேசுவதில்லை, ஆட்டமோ முழுக்கப் பேச்சில் நடக்கிறது. பாணனிடம் இருந்தது ஒரே தமாஷ். முதல் வாரம் சிரித்தார்கள், மூன்றாம் வாரம் பொறுத்துக்கொண்டார்கள். மெலட்டூர் பாகவத மேளாவில் பிரகலாதன் கதையின் முடிவு எல்லாருக்கும் தெரியும், அதற்காகவே வருஷா வருஷம் உட்கார்ந்து பார்க்கிறார்கள். இங்கே அது செல்லாது. முடிவு தெரிந்த ஆளை ஆடுகிறவருக்குத்தான் முதலில் கொட்டாவி வரும்.

ஒரு அஞ்சலட்டை எடுங்கள். அதற்கு மேல் இடம் கொடுக்காதீர்கள். பேனா வேண்டாம், பென்சில். முதலில் ஒரு பிழைப்பு எழுதுங்கள். "வீரன்" என்பது பிழைப்பு இல்லை. உங்கள் கதைக்கே ஒரு உதாரணம் சொல்கிறேன். நாகப்பட்டினத்தில் சூடாமணி விகாரம் என்று ஒரு புத்த விகாரம் இருந்தது, சுமத்ராப் பக்கத்து ஸ்ரீவிஜய அரச குடும்பம் கட்டியது. அதன் செலவுக்கு ஆனைமங்கலம் கிராமத்து வருவாயை எழுதிக்கொடுத்தவன் ராஜராஜன். 1025-இல் அதே ஸ்ரீவிஜயத்தின் மீதுதான் அவன் மகன் ராஜேந்திரன் கப்பற்படை அனுப்பினான். உங்கள் கேரக்டர் ஆனைமங்கலத்து நெல் வரவை எழுதுகிற கணக்கரின் மகள் என்று வையுங்கள். படை கிளம்பும் நாளில் அவள் யார் பக்கம்? இந்தச் சிக்கலை நீங்கள் உட்கார்ந்து கற்பனை செய்யவே வேண்டாம், ஊரும் காலமும் கொண்டுவந்து கொடுத்துவிடும்.

அடுத்து இரண்டு தேவைகள், ஒன்று பக்கத்தில், ஒன்று தூரத்தில். மூட்டைக் கணக்கில் குறைகிற நெல் எங்கே போகிறது என்பது பக்கத்துத் தேவை, மூன்று நாலு செஷனில் தீரும். அப்பா மேல் விழுந்த திருட்டுப் பழியைத் துடைப்பது தூரத்துத் தேவை, அது சுலபத்தில் தீராது. பக்கத்துத் தேவை தீர்ந்த அன்று இரவே அதை அழித்துவிட்டு அடுத்ததை எழுத வேண்டும். பலரும் கோட்டைவிடுவது இந்த இடத்தில்தான். எழுதாமல் விட்டால் மறுவாரம் வெறுங்கையோடு போய் உட்காருவீர்கள், பிறகு கேரக்டர் அலுத்துவிட்டது என்பீர்கள்.

பிறகு ஒரு பழக்கம். அது டி.எம்.மைப் பார்த்து ஒரு கேள்வியாக வெளிவர வேண்டும். கணக்கர் மகள் எங்கே நுழைந்தாலும் எண்ணுவாள்: எத்தனை மூட்டை, எத்தனை ஆள், எத்தனை வாசல். கேட்டால் டி.எம். பதில் சொல்லியாக வேண்டும், ஆட்டம் ஒரு அடி நகரும். பாணனின் பாட்டு ஆட்டத்தை நிறுத்தியது, இது ஓட்டுகிறது. குரலை மாற்றிப் பேசும் ஆசையை விட்டுவிடுங்கள். மூன்று மணி நேரம் தொண்டை தாங்காது. அதற்குப் பதில் ஒரே ஒரு விளி போதும். கூலியாளிலிருந்து படைத்தலைவன் வரை எல்லாரையும் அவள் "தம்பி" என்றுதான் கூப்பிடுவாள். அந்த ஒரு சொல் போதும், பேசுவது அவள் என்று மேஜையில் எல்லாருக்கும் தெரிந்துவிடும்.

குறை ஒன்று வேண்டும். ஆனால் அது முதலில் அவளைத்தான் கடிக்க வேண்டும். தப்புக் கணக்கைப் பார்த்தால் வாயை மூடிக்கொண்டிருக்க முடியாதவள் என்பது நல்ல குறை. கூட்டாளியின் பையிலேயே கை வைக்கிற திருட்டுக் கை, மேஜையையே உடைக்கும். "என் கேரக்டர் அப்படித்தான்" என்ற சமாதானம் இரண்டாம் தடவை எடுபடாது.

கடைசியாக, இருக்கிற கேரக்டர்களில் ஒருவரிடம் பட்ட கடன், இன்னொருவரோடு ஒத்துவராத ஒரு விஷயம். இவற்றை நீங்களாக எழுதிக்கொண்டு போகாதீர்கள், அந்த இருவரிடமே கேட்டு வாங்குங்கள். கூடவே, விடை உங்களுக்கே தெரியாத ஒரு கேள்வி: அப்பாவின் கடைசி ஓலையில் இருப்பது யார் கையெழுத்து? அதை டி.எம். கையில் கொடுத்துவிட்டு மறந்துவிடுங்கள்.

எண்களுக்கு வருவோம். 27 புள்ளியைத் திறன்களுக்குப் பங்கிடும் முறையில் பலம், அறிவு போன்ற ஆறு திறனும் 8-இல் தொடங்கும். 13 வரை படிக்கு ஒரு புள்ளி, 14-க்கும் 15-க்கும் படிக்கு இரண்டு. 15, 14, 13, 12, 10, 8 என்று வைத்தால் சரியாக 27. மூன்று 15, மூன்று 8 என்றாலும் 27 தான்; விலைக்கு வரும் கேரக்டர்கள் பெரும்பாலும் இந்த ஜாதி. 8 என்றால் பகடையில் ஒன்று குறையும், அது பெரிய நஷ்டமில்லை. ஆனால் "எனக்கு அது வராது" என்று ஆடுகிறவர் பாதிக் காட்சிகளில் தானாகவே ஒதுங்கிவிடுவார். 8 ஒன்றே ஒன்று இருக்கட்டும், எதில் தோற்றால் உங்களுக்கே சிரிப்பு வருமோ அதில்.

இருபதாம் லெவல் வரை திட்டம் என்பது வெறும் ஜிகினா. ஐந்தாம் லெவலுக்கு 6,500 அனுபவப் புள்ளி, இருபதாவதுக்கு 3,55,000. போகாத ஊருக்கு வழி. அந்தத் திட்டங்களில் பாதி, இரண்டு மூன்று வகுப்புகளை, அதாவது போர்வீரன், மந்திரவாதி போன்ற தொழில் வகைகளை, கலந்து கட்டியவை. ஐந்தாம் லெவலில் போர்வீரனுக்கு ஒரே முறையில் இரண்டு வீச்சு கிடைக்கும், மந்திரவாதிக்கு மூன்றாம் நிலை மந்திரங்கள் திறக்கும். மூன்று லெவல் இதில், இரண்டு லெவல் அதில் என்று கலந்தவருக்கு அன்றைக்கு இரண்டுமே இருக்காது. கலக்காதீர்கள். வகுப்பு எதுவானாலும் எடுக்கும் முன் ஒரு மணி நேரம் ஒத்திகை பாருங்கள்: ஒரு தோழியை எதிரியாக்கி மூன்று சண்டை, சண்டைக்கு ஐந்து சுற்று. நிஜ ஆட்டத்தில் ஆளுக்கு இரண்டு நிமிஷம் என்றாலும் உங்கள் முறை திரும்பி வரப் பன்னிரண்டு நிமிஷம் ஆகும். அவ்வளவு காத்திருந்து செய்கிற காரியம் பத்தாவது தடவையிலேயே சப்பென்றிருந்தால் வேறு வகுப்பைப் பாருங்கள்.

பேசாத ஒற்றன் மேல் இன்னும் ஆசை இருக்கும் என்று தெரியும், எல்லாருக்கும் இருக்கிறது. தனிமரம் தோப்பாகாது, ஆனால் ஒரே ஒரு நிலையில் அப்படிப்பட்ட கேரக்டர் நிற்கும். மேஜையில் ஒரு கேரக்டரை மட்டும் அவன் விட்டுப் பிரிய முடியாதவனாக இருக்க வேண்டும். தம்பி, முதலாளி, உயிர்க்கடன் பட்டவர், யாராகவும் இருக்கட்டும். டி.எம். நடத்தும் துணைப் பாத்திரமாக இருந்தால் போதாது, எதிரில் உட்கார்ந்து ஆடுகிற ஒருவரின் கேரக்டராகவே இருக்க வேண்டும். துணைப் பாத்திரம் என்றால் நீங்களும் டி.எம்.மும் மட்டும் பேசிக்கொண்டிருப்பீர்கள், மற்ற ஐந்து பேருக்கு அது தண்டனை. அந்த ஒருவரிடம் அவன் பேசுவான், தாராளமாகப் பேசுவான். மற்றவர் முன்னால் அவன் வாய் மூடியிருந்தாலும் உங்கள் வாய் மூடியிருக்கக் கூடாது: "அவன் கதவருகே நின்று பூட்டைப் பார்க்கிறான், அவள் சொன்னது பொய் என்று அவன் முகத்தில் தெரிகிறது" என்று நீங்கள் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். "நான் மட்டும் தனியாகப் போகிறேன்" என்ற வாக்கியம் அவன் வாயில் வரவே கூடாது. அந்த இன்னொருவர் ஒரு வாரம் வரவில்லை என்றால் அன்றைக்கு அவன் யாரிடம் பேசுவான் என்பதையும் முன்கூட்டியே முடிவு செய்யுங்கள், இல்லாவிட்டால் அன்றைய பதினைந்து நிமிஷம் வீண். இவ்வளவுக்கும் தயாரென்றால் எடுங்கள். தயாரில்லை என்றால் கணக்கர் மகளே மேல்.

விற்கிறவர் சரக்கு எப்படிப்பட்டது என்று அறிய, மாதிரி முன்கதையில் ஊர்ப் பெயர்களை அடித்துவிட்டுப் படியுங்கள். எந்த ஊருக்கும் பொருந்தினால் அது அம்பது பேருக்கு விற்ற சரக்கு. படத்தைத் தேடுபொறியில் போட்டுப் பாருங்கள், வேறொரு ஓவியரின் பக்கத்தில் அதே முகம் இருக்கலாம். "நாகப்பட்டினத்தில் என் கேரக்டருக்கு என்ன பிழைப்பு?" என்று ஒரு வரி கேளுங்கள். மதுக்கடை மூலையில் முகத்தை மூடிய அந்நியன் என்று பதில் வந்தால் பேச்சை முடித்துக்கொள்ளலாம். விதிப்புத்தக ஸ்கேன்களை "முழு செட்" என்று விற்கிற கூட்டத்திடமும் போகாதீர்கள். அடிப்படை விதிகளை 2023 ஜனவரியில் பதிப்பாளரே கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் இலவசமாக வெளியிட்டுவிட்டார். தொடங்க அது போதும்.

இந்த விதிகளை எழுதியவர்களும் ஒன்றும் லேசுப்பட்டவர்கள் இல்லை. 2014-இல் ஒரு புத்தகம், 2024-இல் இன்னொன்று, இரண்டும் ஐந்தாம் பதிப்பு என்றே ஓடுகின்றன. புதியதில் எல்லா வகுப்புக்கும் மூன்றாம் லெவலில்தான் உட்பிரிவு. பழையதில் சிலருக்கு முதல் லெவலிலேயே. எது என்று டி.எம்.மிடம் முதலில் கேளுங்கள். பழைய கேரக்டர் தாளில் ஆயுதத்துக்கும் சாமானுக்கும் தாராளமாக இடம், மனுஷிக்கு நாலு சின்னக் கட்டம். குணத்துக்கு ஒன்பது வகை வேறு, அதில் ஒன்றை எழுத வேண்டும். அந்த ஒன்பதில் எதையாவது எழுதிவிட்டு மறந்துவிடுங்கள், குணத்தைச் சொல்ல அஞ்சலட்டை இருக்கிறது.

காலம் பற்றி ஒரு எச்சரிக்கை: அவள் சமையலில் மிளகாய் கிடையாது, மிளகுதான். மேட்டூர் திறந்தாச்சா என்றும் யாரும் கேட்க மாட்டார்கள், அந்த அணை வந்தது 1934-இல்.

முன்பணம் இன்னும் போகவில்லை என்றால் "வேண்டாம்" என்று ஒரு வரியோடு நிறுத்துங்கள். அடுத்த ஞாயிறு ஆட்டம் தொடங்குவதற்கு அரை மணி முன்னால் போய், இடது பக்கம் உட்காருகிறவரிடம் "உன் கேரக்டருக்கு என் கேரக்டர் என்ன தர வேண்டியிருக்கிறது?" என்று கேளுங்கள். வலது பக்கம் உட்காருகிறவரிடம், எந்த விஷயத்தில் ஒத்துப்போகக் கூடாது என்று. இரண்டு பதிலையும் அவர்கள் கையாலேயே அஞ்சலட்டையில் எழுதச் சொல்லுங்கள்.