11 மாதக் குழந்தை அம்மா முகத்தைப் பார்ப்பதில்லை

ஆட்டிசம் (பிறரோடு பழகுவதையும் பேசுவதையும் பாதிக்கும் வளர்ச்சிக் குறைபாடு) என்று உங்கள் குறிப்பில் இப்போதே எழுதிவிடாதீர்கள், முதலில் அம்மாவைக் கவனியுங்கள். ஏற்காடு காபித் தோட்டத்து லைன் வீட்டில் (தொழிலாளர்களின் வரிசை வீடு) நீங்கள் பார்த்த குழந்தை அம்மா முகத்தையே பார்ப்பதில்லை, சிரிப்பதில்லை என்கிறீர்கள். அந்த அம்மா தூங்குவதில்லை, யாரிடமும் பேசுவதில்லை என்றும் நீங்களே எழுதியிருப்பதால், அவருக்குப் பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வு இருக்கலாம், அவர் முகம் கொடுக்காததால் குழந்தையும் பார்க்காமல் இருக்கலாம் என்றுதான் எனக்குப் படுகிறது.

அடுத்த முறை சோறு ஊட்டும் நேரமாகப் போய் ஓரமாக உட்காருங்கள். குழந்தை சத்தம் கொடுத்தால் அம்மா திரும்புகிறாரா? பாட்டியிடம் சிரிக்கிறதா? (நோட்டும் பேனாவும் பையிலேயே இருக்கட்டும், பார்த்தாலே விறைத்துக்கொள்வார்கள்.)

ஆனால் பாட்டியிடமும் அப்படியேதான், பேர் சொல்லிக் கூப்பிட்டாலும் திரும்பவில்லை என்றால் காத்திருக்க வேண்டாம். சேலம் அரசு மருத்துவமனைக்கு அனுப்பி, காது கேட்கிறதா என்பதிலிருந்து தொடங்கச் சொல்லுங்கள். அப்புறம், செத்துப்போகலாம் போல இருக்கிறது என்று அம்மா சொன்னால் அன்றைக்கே அவரையும் கூட்டிப் போக வேண்டும்.