ரோடு ஏன் உடைகிறது? லாரி ஓட்டிப் பார்த்தவர்கள் கண்டுபிடித்தது

சாலைப் பணிகளில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் முப்பது வருடம் இருந்தவன் நான். பல அரசுகளும் நிறுவனங்களும் கூட்டாகச் செய்த சாலை ஆராய்ச்சிகளைப் பற்றிக் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்த கேள்விகளில் பாதி குழியைப் பற்றித்தான். பரவாயில்லை, அதற்கும் ஆராய்ச்சி இருக்கிறது.

சரவணன், நாமக்கல்: சொந்தமாக லாரி வைத்திருக்கிறேன். லோடு பத்து சதவீதம் கூடினால் ரோடு தேய்மானமும் பத்து சதவீதம்தானே கூடும்? இதற்குப் போய் ஏன் இவ்வளவு அபராதம்?

இல்லை தம்பி, இங்கேதான் எல்லோரும் ஏமாறுகிறோம். ரோட்டின் சேதம் எடையோடு நேர்க்கணக்கில் ஏறுவதில்லை, ஏறக்குறைய நான்காம் அடுக்கில் ஏறுகிறது. அச்சின் மேல் (இரு பக்கச் சக்கரங்களையும் இணைக்கும் தண்டு) உள்ள எடை இரட்டித்தால் சேதம் 16 மடங்கு. இந்தியா உட்படப் பல நாடுகளில் 8.16 டன் அச்சை அளவுகோலாக வைத்துக் கணக்குப் போடுகிறார்கள். அந்த அச்சு ஒரு முறை உருள்வதும், அரை டன் தாங்கும் கார் அச்சு சுமார் 70,000 முறை உருள்வதும் கணக்குப்படி ஒன்று.

2018-ல் இந்தியாவில் நான்கு டயர் உள்ள ஒற்றை அச்சுக்கு அனுமதித்த எடை 10.2 டன்னிலிருந்து 11.5 டன் ஆனது. எடை கூடியது 13 சதவீதத்துக்குள். சேதம் கூடுவதோ 60 சதவீதத்துக்கு மேல். இது அனுமதித்த எடைக்கே உள்ள கணக்கு. அதற்கு மேல் ஏற்றினால் என்ன ஆகும் என்று நீங்களே பெருக்கிப் பாருங்கள். சரக்கைக் குறைக்க முடியாதென்றால் அச்சு அதிகமுள்ள வண்டியில் ஏற்றுங்கள். அதே எடை பரவிவிட்டால் ரோடு தாங்கும்.

கவிதா, சிவில் மூன்றாம் ஆண்டு: சார், பாடத்தில் "ஆஷோ ரோடு டெஸ்ட்" என்று ஒரே ஒரு வரி வருகிறது. அங்கே உண்மையில் என்னதான் செய்தார்கள்?

சரவணனுக்குச் சொன்ன கணக்கே அங்கிருந்து வந்ததுதான். ஆஷோ என்பது அமெரிக்க மாநில நெடுஞ்சாலை அதிகாரிகளின் சங்கம். அமெரிக்காவில் இல்லினாய் மாநிலத்து ஒட்டாவா பக்கத்தில் (கனடாவின் தலைநகரம் இல்லை, இது சின்ன ஊர்) ஆறு வளையங்களாக ரோடு போட்டார்கள். தார், கான்கிரீட் இரண்டும் சேர்த்து 836 துண்டுகள். அடுக்குகளின் கனத்தைத் துண்டுக்குத் துண்டு மாற்றினார்கள். 1958 அக்டோபரிலிருந்து 1960 நவம்பர் வரை ராணுவ வீரர்கள் அதில் லாரி ஓட்டினார்கள். ஒரு லேனுக்கு ஒரே எடைதான். சோதனை முடியும்போது ஏறக்குறைய 11 லட்சம் அச்சுகள் உருண்டிருந்தன. எந்தத் துண்டு எப்போது உடைந்தது என்று குறித்துக்கொண்டே வந்தார்கள்.

எனக்கு இதில் மிகவும் பிடித்தது முதல் வளையம். அதில் சோதனை லாரி ஓடவே இல்லை! வெயிலும் பனியும் தனியாக ரோட்டை என்ன செய்கின்றன என்று பார்க்க அதைச் சும்மா விட்டார்கள்.

இன்னொன்று, ரோடு நன்றாக இருக்கிறதா என்று பொறியாளரை மட்டும் கேட்கவில்லை. ஒரு குழுவைக் காரில் ஏற்றி ஓட்டவிட்டு, 0 முதல் 5 வரை மதிப்பெண் போடச் சொன்னார்கள். பிறகு அந்த மதிப்பெண்ணைக் கருவியால் அளந்த மேடுபள்ளத்தோடும் விரிசலோடும் பொருத்தினார்கள்.

செலவு 2.7 கோடி டாலர். மாநிலங்கள், மத்திய அரசு, வண்டி தயாரிப்பவர்கள், பெட்ரோலியக் கம்பெனிகள் என்று ஆளுக்கொரு பங்கு. கனரக வண்டிக்கு எவ்வளவு வரி நியாயம் என்பதில் முட்டிக்கொண்டிருந்தவர்கள் இவர்கள். அவர்களே ஒரே மேசையில் உட்கார்ந்து சோதனைக்குச் சம்மதித்ததால், முடிவு வந்த பிறகு "இது உங்கள் ஆள் போட்ட கணக்கு" என்று யாரும் தள்ளிவிட முடியவில்லை.

ரஹீம், தஞ்சாவூர்: அங்கே பனி, இங்கே வெள்ளம். அவர்கள் கணக்கு நம் களிமண்ணுக்கு எப்படி ஒத்துவரும்?

அப்படியே ஒத்துவராது. ஒட்டாவா சோதனை நடந்தது ஒரே வகை மண்ணில், ஒரே தட்பவெப்பத்தில், இரண்டே வருடம். நம் நெடுஞ்சாலைகளைக் கோடிக்கணக்கான அச்சுகளுக்கு வடிவமைக்கிறோம். 11 லட்சத்தை வைத்து அதைச் சொல்வது பல்லவியைக் கேட்டுவிட்டுக் கச்சேரிக்கு விமர்சனம் எழுதுகிற மாதிரி. அமெரிக்கர்களுக்கும் இந்தக் குறை உறுத்தியது. 1987-ல் தொடங்கிய கூட்டுத் திட்டத்தில் அமெரிக்கா, கனடா முழுக்க 2,500-க்கு மேற்பட்ட சாலைத் துண்டுகளைத் தேர்ந்தெடுத்து, நிஜப் போக்குவரத்தில் வருடக்கணக்காகக் கண்காணித்தார்கள்.

ஆனால் ஒரு பாடம் நமக்கு நேராகவே பொருந்தும். ஒட்டாவாவில் ரோடு அதிகமாக உடைந்தது பனி உருகி அடிமண் ஈரமாகும் வசந்த காலத்தில். நமக்கு அது ஐப்பசி, கார்த்திகை. அதனால்தான் அடிமண்ணின் வலுவை அளக்கும் சிபிஆர் சோதனையில் மண்ணை நான்கு நாள் தண்ணீரில் ஊறப்போட்டுப் பிறகு அழுத்திப் பார்க்கிறோம். அந்த நான்கு நாளைச் சுருக்கி ரிப்போர்ட் எழுதியவர்களையும் பார்த்திருக்கிறேன். அடுத்த மழையில் ரோடே உண்மையைச் சொல்லிவிட்டது.

நாமும் சும்மா இருக்கவில்லை. சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் ஆர்-6, ஆர்-19, ஆர்-56 ஆய்வுத் திட்டங்களில் கிடைத்த தரவுதான் இந்தியச் சாலை காங்கிரஸின் (ஐஆர்சி) 37-ஆம் எண் தார்ச்சாலை வடிவமைப்பு விதிகளுக்குள் போனது.

மீனா, மதுரை: பிளாஸ்டிக் ரோடு எங்கள் ஊர்க் கண்டுபிடிப்பு. நிஜமாகவே உழைக்குமா?

தியாகராசர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் வாசுதேவனின் முறை எளிமையானது. சுமார் 160, 170 டிகிரியில் சூடான ஜல்லி மேல் பிளாஸ்டிக் துணுக்கைத் தூவினால் உருகி மேலே படலமாகப் படியும். அதற்கப்புறம் தார் சேர்ப்பார்கள். ஜல்லிக்குள் நீர் புகுவது குறையும், தார் நன்றாகப் பிடிக்கும். 2013-ல் இதற்கென்று ஐஆர்சி விதியும் வந்தது. பிவிசி மட்டும் கலக்கவே கூடாது, சூட்டில் நச்சுவாயு வரும். என் கருத்து: முறை நல்லது. ஆனால் வடிகால் இல்லாத ரோட்டை எந்த பிளாஸ்டிக்கும் காப்பாற்றாது.

பெயர் வேண்டாம், சென்னை: குழியைச் சதுரமாக வெட்டி அடைக்காமல், கலவையைக் கொட்டிவிட்டுப் போகிறார்கள். ஏமாற்றுத்தானே?

நானும் அப்படித்தான் நம்பியிருந்தேன். முன்னே சொன்ன அமெரிக்க, கனடா கூட்டுத் திட்டத்தில் ஆயிரத்துக்கு மேற்பட்ட குழிகளைப் பல முறைகளில் அடைத்துப் பார்த்தார்கள். தரமான கலவையைக் கொட்டி, லாரிச் சக்கரத்தால் அழுத்தினால், வெட்டி அடைத்ததற்கு ஏறக்குறைய ஈடாகவே நின்றது. வேகமும் அதிகம், செலவும் குறைவு. கலவை மட்டமாக இருந்தால் எந்த முறையும் உதவவில்லை. ஆகவே வெட்டவில்லையே என்று சண்டை போடாதீர்கள். என்ன கலவை என்று கேளுங்கள், மேலே அழுத்தினார்களா என்று பாருங்கள்.

ஜெயராமன், சேலம்: பழைய ரோட்டைச் சுரண்டாமல் மேலேயே போட்டு வீடு பள்ளமாகிவிட்டது.

சுரண்டிவிட்டுத்தான் போட வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021-லேயே அறிவுறுத்தல் வந்துவிட்டது. தைரியமாகக் கேளுங்கள்.

செல்வி, திண்டுக்கல்: நம் மாநிலங்கள் சேர்ந்து ஒரு சோதனைத் தடம் போட முடியாதா?

முடியும். அலபாமாவில் ஆபர்ன் பல்கலைக்கழகம் 2000-லிருந்து நடத்தும் தடம் 2.7 கிலோமீட்டர்தான். அதை 60 மீட்டர் துண்டுகளாகப் பிரித்து, எந்த மாநிலத்துக்கு எந்தச் சந்தேகமோ அதற்குப் பணம் கட்டித் தன் கலவையைப் போட்டுப் பார்க்கிறது. லாரி எல்லோருக்கும் பொது. தென்மாநிலங்கள் ஐந்தும் சேர்ந்தால் தாங்காத செலவில்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

அன்பு, கடலூர்: எங்கள் தெருவில் நாளை தார் போடுகிறார்கள். சாதாரண ஆள் எதைப் பார்க்கலாம்?

சூட்டைப் பாருங்கள். வழக்கமான விஜி-30 தார்க் கலவை என்றால் கொட்டிப் பரப்பும்போது 140 டிகிரியாவது இருக்க வேண்டும், 90-க்குக் கீழே இறங்குவதற்குள் ரோலர் வேலை முடிய வேண்டும். லாரி தார்ப்பாய் மூடி வருகிறதா என்று பாருங்கள். நீலப்புகை வந்தால் கலவை கருகியிருக்கலாம். சைட் இன்ஜினியரிடம் தெர்மாமீட்டர் இருக்கும், கேட்டால் காட்டுவார். அது பெட்டியை விட்டு வெளியே வரவில்லை என்றால், பக்கத்தில் நின்று இன்னொரு முறை கேளுங்கள்.