மண்டபத்திலேயே உட்கார்ந்து எடிட் செய்ய லேப்டாப் செட்டப்: கேள்வி பதில்

ஷூட் நடக்கும் இடத்திலேயே எடிட் செய்து கொடுக்க வேண்டிய வேலை இப்போது கூடிக்கொண்டே வருகிறது. காலையில் முகூர்த்தம், மாலை ரிசப்ஷனில் எல்இடி திரையில் ஹைலைட்ஸ் ஓட வேண்டும் என்கிறார்கள். அப்படி வெளியில் வேலை செய்பவர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

கேள்வி (கல்யாண வீடியோகிராபர், மதுரை): அண்ணா, ஆர்டிஎக்ஸ் 4060 கிராபிக்ஸ் கார்டு போட்ட கேமிங் லேப்டாப் வாங்கினேன். இன்டெல் ப்ராசசர், 16 ஜிபி ரேம். ஆனாலும் ஃபுட்டேஜ் டைம்லைனில் சிக்கிச் சிக்கித்தான் ஓடுகிறது. ரேமை 32 ஆக்கட்டுமா?

பதில்: ஆக்குங்கள், நல்லதுதான் தம்பி. ஆனால் சிக்குவதற்குக் காரணம் பெரும்பாலும் ரேம் இல்லை. உங்கள் கேமரா எந்த ஃபார்மட்டில் எழுதுகிறது என்று முதலில் பாருங்கள். எச்.265 (வீடியோவை இறுக்கிச் சுருக்கும் முறை), 10 பிட், 4:2:2 (இரண்டும் கலர் விவரத்தைக் கூடுதலாக வைப்பவை) என்று இருந்தால் விஷயம் அங்கேதான். அந்த வகை ஃபைலை விரித்துக் காட்டும் வசதி உங்கள் 4060 சேர்ந்த என்விடியாவின் 40 வரிசை கார்டுகளில் கிடையாது. 50 வரிசையில்தான் வந்தது. ஆனால் இன்டெல் ப்ராசசருக்குள்ளேயே இருக்கும் சின்ன கிராபிக்ஸில் அது 11-வது தலைமுறையிலிருந்து இருக்கிறது. அதாவது, நீங்கள் காசு கொடுத்து வாங்கிய பெரிய கார்டு செய்யாத வேலையை அந்தச் சின்னது செய்யும்.

கேமிங் லேப்டாப்பில் அந்தச் சின்ன கிராபிக்ஸை அணைத்துவைக்க ஒரு செட்டிங் இருக்கும். கேம் வேகமாக ஓடட்டும் என்று பலர் அதைப் போட்டு விடுகிறார்கள். கம்பெனி கொடுத்த கன்ட்ரோல் ஆப்பைத் திறந்து, இரண்டு கிராபிக்ஸும் வேலை செய்யும் ஹைப்ரிட் நிலைக்கு மாற்றுங்கள். அப்புறம் எடிட்டிங் சாஃப்ட்வேரான ப்ரீமியரில் மீடியா செட்டிங்ஸுக்குப் போய், ஹார்டுவேர் டீகோடிங்கில் இன்டெல்லுக்கு டிக் போட்டு, மூடித் திறந்து பாருங்கள். ஏஎம்டி ப்ராசசர் வைத்திருப்பவர்களுக்கு இந்த வழி இல்லை. ப்ராக்ஸி (எடிட்டுக்கு மட்டும் லேசான நகல் ஃபைல்) போட வேண்டும், இல்லாவிட்டால் கேமராவைக் கலர் விவரம் குறைவான 4:2:0-க்கு மாற்ற வேண்டும். அவசர வேலைக்கு 4:2:0 தாராளமாகப் போதும் என்பது என் கருத்து.

கேள்வி (விஸ்காம் மாணவி, கோயம்புத்தூர்): சார், வீட்டில் ஒரே ஒரு முறைதான் வாங்கித் தருவார்கள். மேக்புக் ஏர் போதுமா?

பதில்: குறும்படம், கல்லூரி ப்ராஜெக்ட் அளவுக்குப் போதும்மா. ஆப்பிளின் எம் வரிசை சிப்கள் எல்லாமே மேலே சொன்ன 4:2:2 எச்.265 ஃபைலைச் சுலபமாக ஓட்டும். ஏரில் ஃபேன் கிடையாது, அதனால் நீண்ட எக்ஸ்போர்ட்டில் சூடேறி வேகம் குறையும். சின்ன வேலைகளில் இது தெரியாது. ரேமைப் பிறகு கூட்ட முடியாது என்பதால் 16 ஜிபிக்குக் குறைந்து வாங்காதீர்கள். உள்ளே இருக்கும் ஸ்டோரேஜைப் பெரிதாக வாங்கக் கேட்கும் காசுக்கு வெளியே செருகும் நல்ல எஸ்எஸ்டி டிரைவே வாங்கிவிடலாம். எடிட்டிங் சாஃப்ட்வேருக்கு டாவின்சி ரிசால்வின் இலவசப் பதிப்பு போதும். 4கே வரை, நொடிக்கு 60 ஃப்ரேம் வரை எக்ஸ்போர்ட் செய்யலாம், வாட்டர்மார்க் தொல்லை இல்லை.

கேள்வி (யூடியூப் சேனல் நடத்துபவர், யாழ்ப்பாணம்): அண்ணா, என்னட்ட 2 டிபி ஹார்டு டிஸ்க் ஒன்று இருக்கு. அதில வைச்சே எடிட் பண்ணலாமா?

பதில்: பேக்கப்புக்கு வைத்துக்கொள்ளுங்கள், எடிட்டுக்கு வேண்டாம். நொடிக்கு 100 மெகாபிட்டில் எடுத்த 4கே ஃபுட்டேஜ் நொடிக்கு 12.5 எம்பிதான் கேட்கும். ஹார்டு டிஸ்க் 100 எம்பிக்கு மேல் கொடுக்கும். கணக்கில் சரியாகத்தான் வருகிறது. ஆனால் மூன்று கேமரா ஃபுட்டேஜை ஒன்றன்மேல் ஒன்று அடுக்கினால், டிஸ்கின் முள் மூன்று இடத்துக்கும் மாறி மாறி ஓட வேண்டும். அங்கேதான் தடுமாறும். எஸ்எஸ்டியில் முள்ளே இல்லை.

எஸ்எஸ்டி வாங்கினால் அதோடு வந்த கேபிளைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். போன் சார்ஜருடன் வரும் டைப் சி கேபிள் பார்க்க அதே மாதிரி இருக்கும். ஆனால் அதில் பல யுஎஸ்பி 2 வேகம்தான், நொடிக்கு 40 எம்பி தாண்டாது. ஐந்து மணி நேர ஃபுட்டேஜ் சுமார் 225 ஜிபி. அந்தக் கேபிளில் ஒன்றரை மணி நேரம் ஆகும். நல்ல கேபிளில் பத்து நிமிடம். கார்டு ரீடருக்கும் இதேதான்: யுஎச்எஸ் 2 என்ற வேகமான வகை கார்டு வைத்திருந்தால் ரீடரும் யுஎச்எஸ் 2-ஆக இருக்கட்டும்.

கேள்வி (உதவி எடிட்டர், திருச்சி): மண்டபத்தில் கார்டு காலி செய்யும்போது பயமாக இருக்கிறது சார். காப்பி ஆனது என்று எப்படி நம்புவது?

பதில்: நல்ல பயம், அதை விடாதீர்கள். தாலி கட்டுவதைத் திரும்ப எடுக்க முடியாது. இழுத்துப் போட்டுக் காப்பி செய்வதை இன்றே நிறுத்துங்கள். ரிசால்வின் மீடியா பக்கத்தில் க்ளோன் டூல் என்று ஒன்று இருக்கிறது. கார்டை மூலமாகக் கொடுத்து, எஸ்எஸ்டி, ஹார்டு டிஸ்க் என இரண்டு இடத்தையும் காட்டினால் இரண்டிலும் எழுதி, செக்சம் (ஃபைலிலிருந்து கணக்கிடும் ஒரு சோதனை எண்) வைத்துச் சரிபார்க்கும். அது முடிந்த பிறகும் மூன்று நான்கு கிளிப்பைக் கடைசிவரை ஓட்டிப் பாருங்கள்.

காப்பியான கார்டைத் தலைகீழாகத் திருப்பி டப்பாவில் போட்டு, டப்பாவில் ஒரு துண்டு டேப் ஒட்டுங்கள். வீடு போய்ச் சேரும்வரை ஃபார்மட் செய்யக் கூடாது. கூடுதலாக நான்கு கார்டு வாங்குவது பெரிய கார்டு ஒன்று வாங்குவதைவிட நல்லது. திரும்பும்போது எஸ்எஸ்டி உங்கள் பையில், ஹார்டு டிஸ்க் இன்னொருவர் பையில்.

கேள்வி (ஃப்ரீலான்ஸ் எடிட்டர், தஞ்சாவூர்): கரன்ட் போய் ஜெனரேட்டர் மாறும் அந்த இடைவெளியில் என்ன ஆகும்?

பதில்: லேப்டாப் தப்பிக்கும், பேட்டரி இருக்கிறது. தனி அடாப்டரில் ஓடும் பெரிய 3.5 இஞ்ச் ஹார்டு டிஸ்க்தான் எழுதிக்கொண்டிருக்கும்போதே அணையும். அதனால் வெளி வேலைக்கு லேப்டாப்பிலிருந்தே பவர் எடுக்கும் டிரைவ் மட்டும் எடுத்துப் போங்கள். இன்னொன்று, கேமிங் லேப்டாப்கள் பேட்டரியில் ஓடும்போது கிராபிக்ஸ் வேகத்தை வெகுவாகக் குறைத்துக்கொள்ளும். எக்ஸ்போர்ட் போடும் முன் சார்ஜர் ஏறுகிறதா என்று பாருங்கள். டெக்கரேஷன் லைட் மாட்டிய எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் செருகாமல் சுவரில் தனி பிளக் கேளுங்கள். எர்த் இல்லாத இடத்தில் லேப்டாப்பின் மெட்டல் உடம்பு கையில் சுரீரென்று அடிக்கும்.

கேள்வி (கேமராமேன், சேலம்): லேப்டாப்பில் அழகாக இருக்கும் கலர் எல்இடி திரையில் கண்றாவியாகத் தெரிகிறது.

பதில்: ஸ்கிரீன் எவ்வளவு கலர் காட்டும் என்பதற்கு லேப்டாப் விவரத்தில் 45 சதவீதம் என்டிஎஸ்சி என்று போட்டிருந்தால் அந்த ஸ்கிரீனை நம்பிக் கலர் செய்ய வேண்டாம். 100 சதவீதம் எஸ்ஆர்ஜிபி என்று இருக்க வேண்டும். நைட் லைட், ஆட்டோ பிரைட்னஸ் இரண்டையும் அணையுங்கள். எல்இடி சுவர் மிக வெளிச்சமாக இருப்பதால் முகமும் வெள்ளை வேட்டியும் எரிந்துவிடும். எல்இடி ஆபரேட்டரிடம் மாலை நான்கு மணிக்கே ஒரு நிமிட கிளிப்பைக் கொடுத்து ஓட்டச் சொல்லுங்கள். பெரும்பாலும் அவர் பக்கம் பிரைட்னஸைக் குறைத்தாலே சரியாகிவிடும்.

கேள்வி (பேட்டி வீடியோ எடுப்பவர், சென்னை): போனில் எடுத்த பேட்டியில் போகப் போக உதடும் குரலும் பிரிகிறது.

பதில்: போன் ஃப்ரேம் ரேட்டை, அதாவது நொடிக்கு எத்தனை ஃப்ரேம் என்பதை, சீராக வைத்துக்கொள்ளாது. ஹேண்ட்பிரேக் என்ற சாஃப்ட்வேரில் ‘கான்ஸ்டன்ட் ஃப்ரேம்ரேட்’ தேர்ந்தெடுத்து மாற்றிவிட்டு எடிட் செய்யுங்கள். கேட்பது ப்ளூடூத் ஹெட்போனிலா? அதிலேயே தாமதம் உண்டு. வயர் ஹெட்போனில் ஒரு முறை பார்த்துவிட்டு முடிவுக்கு வாருங்கள்.

கேள்வி (டாகுமெண்டரி எடிட்டர், புதுச்சேரி): அந்தமான் போகிறேன். பவர் பேங்கை விமானத்தில் விடுவார்களா?

பதில்: கைப்பையில் மட்டும் விடுவார்கள், செக்-இன் பெட்டியில் வைத்தால் எடுத்துப் போட்டுவிடுவார்கள். 100 வாட் மணி (பேட்டரி கொள்ளளவு) வரை பொதுவாக அனுமதி, அதற்கு மேல் 160 வரை விமான நிறுவனத்திடம் முன்கூட்டியே கேட்க வேண்டும். 20,000 எம்ஏஎச் பவர் பேங்க் 74 வாட் மணிதான், பயமில்லை. மேலே அச்சிட்ட கொள்ளளவு எண் அழிந்துபோன பழைய பவர் பேங்கை வீட்டிலேயே வைத்துவிடுங்கள், செக்யூரிட்டியில் அதைத்தான் முதலில் பிடுங்குவார்கள்.