தடய அறிவியல் ஆய்வகத்தில் வேலை: எதைப் படிக்க வேண்டும்?

கேள்வி: கோத்தகிரி பக்கத்தில் ஒரு ஹட்டியில் (படுகர் ஊர்) இருக்கிறோம். கொஞ்சம் தேயிலைத் தோட்டம், அதுதான் வருமானம். மகள் ப்ளஸ் டூவில் பயோ-மேத்ஸ் குரூப் எடுத்து நல்ல மதிப்பெண் வாங்கியிருக்கிறாள். போலீஸ் தடய அறிவியல் ஆய்வகத்தில் விஞ்ஞானி ஆக வேண்டும் என்கிறாள். அதற்குப் போலீசில் சேர வேண்டுமா? உயரம், ஓட்டம் எல்லாம் பார்ப்பார்களா? வெளியூரில் ஒரு தனியார் கல்லூரியில் பி.எஸ்சி. தடய அறிவியல் இருக்கிறது, ஆனால் கட்டணம் அதிகம். ஆறு மாத ஆன்லைன் சான்றிதழ் படித்தாலே வேலை கிடைக்கும் என்று ஒரு நிறுவனம் போன் செய்கிறது. ஊட்டி அரசு கலைக் கல்லூரியில் வேதியியல் கிடைத்தால் போதுமா? பிணத்தையும் ரத்தத்தையும் பார்க்கிற வேலை பெண் பிள்ளைக்கு ஒத்துவருமா என்று அவள் அம்மா கவலைப்படுகிறார்.

பதில்: ஊட்டியில் வேதியியல் கிடைத்தால் தயங்காமல் சேர்த்துவிடுங்கள். காரணத்தைக் கீழே விரிவாகச் சொல்கிறேன்.

உங்கள் மகள் போலீசில் சேர வேண்டியதில்லை. தமிழ்நாட்டில் தடய அறிவியல் துறை உள்துறையின் கீழ் இயங்கும் தனித் துறை. காவல் துறையின் பிரிவு அல்ல. அங்கே வேலை பார்ப்பவர்களுக்குச் சீருடை கிடையாது, ஓட்டப் பந்தயமும் கிடையாது. 1849-ல் சென்னையில் தொடங்கிய இரசாயனப் பரிசோதகர் ஆய்வகத்திலிருந்து வளர்ந்த துறை அது. தலைமை ஆய்வகம் சென்னையில் இருக்கிறது. கோவை, மதுரை போன்ற ஊர்களில் வட்டார ஆய்வகங்கள் உண்டு. சம்பவ இடத்துக்கு நேரில் போக நடமாடும் பிரிவுகளும் உண்டு.

குழப்பம் வருவது விரல் ரேகைப் பிரிவால். அது காவல் துறையிடம் இருக்கிறது. விரல் ரேகை உதவி ஆய்வாளர் என்பது சீருடைப் பணி. அறிவியல் பட்டம் பெற்றவர்களைச் சீருடைப் பணியாளர் தேர்வு வாரியம் தேர்வு வைத்து எடுக்கிறது. பிரேதப் பரிசோதனை இன்னொரு திசை. அதைச் செய்பவர் டாக்டர். அதில் நிபுணராக எம்.பி.பி.எஸ். முடித்து எம்.டி. தடயவியல் மருத்துவம் படிக்க வேண்டும். சினிமாவில் இந்த மூவரையும் ஒரே ஆளாக்கிக் காட்டுவதால்தான் பல பிள்ளைகள் தவறான படிப்பில் போய்ச் சேருகிறார்கள்.

சரி, ஆய்வகத்தில் என்னதான் செய்கிறார்கள்? நம் மலையில் குளிர்காலத்தில் நடக்கிற ஒரு கொடுமையையே எடுத்துக்கொள்வோம். குளிர் தாங்காமல் அறைக்குள் கரி அடுப்பை வைத்துக்கொண்டு, கதவு ஜன்னலை அடைத்துவிட்டுப் படுக்கிறார்கள். காலையில் இரண்டு பேர் எழுந்திருக்கவில்லை. உடம்பில் காயம் இல்லை. மேசையில் மிச்சச் சாப்பாடும் ஒரு பாட்டிலும் இருக்கின்றன. விஷம் குடித்தார்களா, யாராவது கலந்து கொடுத்தார்களா என்று ஊர் பேச ஆரம்பித்துவிடும். கூட வந்த நண்பன் மீது சந்தேகம் விழும்.

டாக்டர் எடுத்த ரத்தமும் உள்ளுறுப்புகளும் ஆய்வகத்துக்கு வருகின்றன. கரி சரியாக எரியாதபோது வரும் கார்பன் மோனாக்சைடு, ரத்தத்தில் இருக்கும் ஹீமோகுளோபினை ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேலான பலத்தோடு பற்றிக்கொள்ளும். ரத்தத்தில் தண்ணீர் கலந்து, சோடியம் ஹைட்ராக்சைடு கரைசல் சேர்த்தால் சாதாரண ரத்தம் பச்சை கலந்த பழுப்பாக மாறும். மோனாக்சைடு ஏறிய ரத்தம் சிவப்பாகவே நிற்கும். இது முதல்கட்டச் சோதனை மட்டும்தான். இதை வைத்து அறிக்கை எழுத முடியாது. ஒரு பொருள் எந்த நிற ஒளியை எவ்வளவு உறிஞ்சுகிறது என்று அளக்கும் நிறமாலைமானியில் வைத்து எத்தனை சதவீதம் ஹீமோகுளோபின் மோனாக்சைடோடு சேர்ந்திருக்கிறது என்று அளக்க வேண்டும். 50 சதவீதத்தைத் தாண்டினால் பெரும்பாலும் உயிர் போகும் அளவு. அதோடும் விட முடியாது. தூக்க மாத்திரை கொடுத்துப் படுக்கவைத்துவிட்டு, பிறகு அடுப்பைக் கொண்டுவந்து வைத்திருந்தால்? அதனால் இரைப்பை, கல்லீரல், சிறுநீரகம் எல்லாவற்றிலும் பூச்சிமருந்து, மயக்க மருந்து, மெத்தனால் என்று ஒவ்வொன்றையும் தனித்தனியாகத் தேட வேண்டும்.

தீப்பிடித்த வீட்டில் கிடைத்த உடலுக்கும் இதே சோதனை உதவும். இறந்தவர் மூச்சு இழுக்க மாட்டார். ரத்தத்தில் மோனாக்சைடு இல்லை என்றால், தீப்பிடிப்பதற்கு முன்பே உயிர் போயிருக்குமோ என்று விசாரிக்க வேண்டிவரும். ஆனால் பெட்ரோல் ஊற்றியதுபோல் குப்பென்று பற்றிய தீயில் அது குறைவாகவே ஏறும் என்பதால் இதை மட்டும் நம்பி முடிவு சொல்லக் கூடாது. சோதனை எங்கே பொய் சொல்லும் என்று தெரிந்தவரே நல்ல ஆய்வாளர்.

இந்த வேலை முழுவதையும் பாருங்கள். பிரித்தெடுப்பது, அளப்பது, அளந்ததில் எவ்வளவு பிழை இருக்கலாம் என்று சொல்வது. எல்லாமே வேதியியல். தடய அறிவியல் என்ற பெயரில் நடக்கும் வேலையின் உடம்பும் உயிரும் அடிப்படை அறிவியல்தான். ஊட்டிக் கல்லூரி போதும் என்று நான் சொல்வது இதனால்தான்.

வேதியியல் பிடிக்காமல் போனாலும் பிரிவுகள் பல உண்டு. 2021 டிசம்பர் 8 அன்று குன்னூர் அருகே விமானப்படை ஹெலிகாப்டர் விழுந்து எரிந்தபோது, உடல்களை அடையாளம் காண டி.என்.ஏ. சோதனை தேவைப்பட்டது. அது உயிரியல், மரபியல் படித்தவர்களின் களம். காட்டுப்பன்றிக்கு வைத்திருந்த நாட்டுத் துப்பாக்கி வெடித்தால், எந்த வெடிமருந்து, எவ்வளவு தூரத்திலிருந்து சுட்டது என்று பார்ப்பது துப்பாக்கிப் பிரிவு. அங்கே இயற்பியல் வேண்டும். கொடைக்கானல் பக்கம் பிடிபட்ட இலைக்கட்டு கஞ்சாதானா என்பதை மைக்ரோஸ்கோப்பில் இலையின் மேல் இருக்கும் ரோமத்தைப் பார்த்து, நிறச் சோதனை செய்து உறுதி செய்ய வேண்டும். தாவரவியல் தெரிந்த கண் அதை உடனே பிடிக்கும். நம் வேலியோரங்களில் கீழ்நோக்கித் தொங்கும் பெரிய வெள்ளைப் பூச்செடி ஊமத்தைக்கு உறவு, அதிலும் அட்ரோபின் வகை விஷம் உண்டு. வேதியியலோடு இந்த ஊர்ச் செடிகளையும் தெரிந்துவைத்திருக்கும் பெண் ஆய்வகத்துக்கு வந்தால் அது பெரிய பலம். வன உயிர் வழக்குகளுக்கு வண்டலூரில் வனத்துறையின் உயர்நிலை வன உயிரினப் பாதுகாப்பு நிறுவனம் இருக்கிறது. ஊட்டிக் கல்லூரியிலேயே வன உயிரியல் பாடமும் உண்டு. முதுமலையை அருகில் வைத்துக்கொண்டு அதை யோசிக்காமல் விட வேண்டாம்.

இன்னொன்று, இந்த மலைக்கே உரியது: ஈரம். ரத்தம் பட்ட துணியை ஈரத்தோடு பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டினால் பூஞ்சை பிடிக்கும், பாக்டீரியா டி.என்.ஏ.வைச் சிதைத்துவிடும். நிழலில் காற்றாட உலர்த்திக் காகித உறையில் போட வேண்டும் என்பது விதி. மூடுபனி விலகாத ஆடி மாதத்தில் கோத்தகிரியில் ஒரு துணியை உலர்த்திப் பாருங்கள், அந்த விதியின் கஷ்டம் புரியும். விஷச் சோதனைக்கான உள்ளுறுப்புகளைச் செறிந்த உப்புக் கரைசலில் அனுப்புவது வழக்கம். பழக்கதோஷத்தில் யாராவது, உடல் பாகங்களைக் கெடாமல் வைக்கும் ஃபார்மலின் திரவத்தில் போட்டுவிட்டால் பல விஷங்களைக் கண்டுபிடிப்பது கடினமாகிவிடும். ஆய்வகத்தில் எவ்வளவு விலை உயர்ந்த கருவி இருந்தாலும், மேலே மலையில் தவறாகக் கட்டிய பொட்டலத்தை அது காப்பாற்றாது. அதனால் சம்பவ இடத்துக்குப் போகும் தடய அறிவியலாளர் அங்கே இருக்கும் காவலருக்குப் பொறுமையாகச் சொல்லிக்கொடுக்கத் தெரிந்தவராகவும் இருக்க வேண்டும்.

மற்றபடி அன்றாட வேலை பரபரப்பானது அல்ல. நீதிமன்றம் வழியாகப் பொட்டலம் வரும். முத்திரை உடையாமல் இருக்கிறதா, மாதிரி முத்திரையோடு பொருந்துகிறதா, கடிதத்தில் எழுதியதும் உள்ளே இருப்பதும் ஒன்றா என்று பார்த்துப் பதிய வேண்டும். ஒவ்வொரு சோதனையோடும் விஷமே இல்லாத வெற்று மாதிரி ஒன்றையும் ஓட்டிக் காட்ட வேண்டும். எல்லாவற்றையும் அன்றன்றைக்கே எழுதி வைக்க வேண்டும். சில வருடம் கழித்து நீதிமன்றத்தில் கூண்டில் நிற்கும்போது பேசப்போவது அந்தக் குறிப்பேடுதான். அரசு நிபுணரின் அறிக்கையை, அவரை நேரில் விசாரிக்காமலேயே சான்றாக ஏற்கப் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 329-ஆம் பிரிவு இடம் கொடுக்கிறது. ஆனால் நீதிமன்றம் விரும்பினால் அழைக்கும். குறுக்கு விசாரணையும் நடக்கும்.

நீதிமன்றத்தில் நிபுணர் யாருடைய ஆளும் அல்ல என்பதை உங்கள் மகள் இப்போதே மனதில் பதித்துக்கொள்ள வேண்டும். ‘விஷம் எதுவும் கண்டறியப்படவில்லை’ என்ற ஒரு வரி விசாரணை அதிகாரிக்குப் பிடிக்காமல் போகலாம். அந்த வரியால் ஒரு அப்பாவி வீட்டுக்குப் போகலாம். கண்டதை எழுதுவதும் காணாததை எழுதாமல் விடுவதும்தான் இந்த வேலை. அது முடியாதவர் எத்தனை பட்டம் வாங்கியிருந்தாலும் இந்தப் பக்கம் வர வேண்டாம் என்பது என் உறுதியான எண்ணம்.

இப்போது தகுதிக்கு வருவோம். மாநில ஆய்வகத்தில் விஞ்ஞானியாக நுழையும் பதவி இளநிலை அறிவியல் அலுவலர். டி.என்.பி.எஸ்.சி. தேர்வு வைத்து எடுக்கிறது. முதுகலை அறிவியல் பட்டம் வேண்டும். வேதியியல், உயிரியல், இயற்பியல் என்று பிரிவுக்குத் தகுந்தபடி எந்தப் பாடம் என்பதை அறிவிப்பில் சொல்வார்கள். தமிழ்த் தகுதித் தாளில் 40 சதவீதம் எடுத்தே ஆக வேண்டும். மத்திய ஆய்வகங்கள் ஹைதராபாத், கொல்கத்தா, சண்டிகர், புனே போன்ற ஊர்களில் உள்ளன. அங்கே அதிகாரி பதவிகளுக்கு யு.பி.எஸ்.சி. வழியாக ஆள் எடுக்கிறார்கள். பட்டத்தோடு அனுபவமும் கேட்பது வழக்கம். காந்திநகரில் உள்ள தேசியத் தடய அறிவியல் பல்கலைக்கழகத்தில் முதுகலை படிக்கவும் முயலலாம், தனி நுழைவுத் தேர்வு உண்டு.

வேலை வாய்ப்பு எப்படி என்றால், 2024 ஜூலை 1 முதல் அமலில் இருக்கும் அதே புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 176-ஆம் பிரிவு, ஏழு வருடமோ அதற்கு மேலோ தண்டனை தரக்கூடிய குற்றங்களில் தடய அறிவியல் நிபுணர் சம்பவ இடத்துக்குப் போக வேண்டும் என்கிறது. மாநிலங்கள் இதை நடைமுறைக்குக் கொண்டுவர ஐந்து வருட அவகாசம் தரப்பட்டிருக்கிறது. ஆள் தேவை கூடத்தான் செய்யும். ஆனாலும் இது வருடாவருடம் தவறாமல் அறிவிப்பு வரும் பதவி அல்ல, இடங்களும் குறைவு. காத்திருக்கும் காலத்தில் சம்பாதிக்க ஒரு வழி வேண்டாமா? பி.எஸ்சி., எம்.எஸ்சி. வேதியியல் படித்தவருக்கு மருந்து நிறுவனம், உணவுப் பரிசோதனைக்கூடம் என்று எத்தனையோ ஆய்வகங்கள் உண்டு. நம் ஊரிலேயே குன்னூர் பாஸ்டியர் நிறுவனத்துக்கும் அருவங்காடு வெடிமருந்துத் தொழிற்சாலைக்கும் அறிவியல் படித்தவர்கள் தேவை. பி.எஸ்சி. தடய அறிவியல் மட்டும் வைத்திருப்பவருக்கு இந்த வாய்ப்புகள் குறையும். எம்.எஸ்சி. வேதியியலில் சேர்வதும் பல கல்லூரிகளில் முடியாது. வேதியியல் முடித்தவரோ பிறகு எம்.எஸ்சி. தடய அறிவியலுக்குத் தாராளமாகப் போகலாம். அதிகக் கட்டணம் கட்டி வாய்ப்பைக் குறைத்துக்கொள்வானேன்?

கல்லூரியில் மூன்று வருடமும் ஆய்வகப் பதிவேட்டை அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதப் பழகட்டும். பகுப்பாய்வு வேதியியலில் தனிக் கவனம் வேண்டும். புள்ளியியல் கொஞ்சம் படிக்கட்டும். கண்டதைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் பத்து வரியில் தெளிவாக எழுதத் தெரிவது கடைசிவரை கைகொடுக்கும்.

அந்த ஆறு மாதச் சான்றிதழுக்குப் பணம் கட்டாதீர்கள். அடுத்த முறை போன் வந்தால், எந்த அரசு அறிவிப்பில் இந்தச் சான்றிதழைத் தகுதியாகச் சொல்லியிருக்கிறார்கள் என்று காட்டச் சொல்லுங்கள்.

அவள் அம்மாவுக்கு ஒரு வார்த்தை. ஆய்வகத்துக்குள் இருப்பவர் பெரும்பாலும் பார்ப்பது உடலை அல்ல. சீல் வைத்த பாட்டிலையும் துணியையும் காகிதத்தையும்தான். நடமாடும் பிரிவில் இருந்தால் சம்பவ இடத்துக்கு நேரம் காலம் பாராமல் போக வேண்டிவரும், அங்கே மனதை வருத்தும் காட்சிகள் இருக்கும். ஆணுக்கும் அதே வருத்தம்தான். பெண்கள் இந்த வேலையில் இருக்கிறார்கள், நன்றாகவே செய்கிறார்கள். பாலியல் வன்கொடுமை வழக்கில் ஒரு சிறுமியின் உடையைப் பரிசோதிக்கும்போது எந்தக் கறையையும் தவறவிடக் கூடாது என்ற அக்கறைதான் அங்கே முக்கியம். விலங்கியல் வகுப்பில் தவளையைப் பார்த்து முகம் சுளிப்பதை வைத்து அவளை எடைபோடாதீர்கள். தலைப்பு எதுவாக இருந்தாலும் ஒரு சோதனையை மூன்றாவது முறையும் அதே கவனத்தோடு செய்கிறாளா என்று பாருங்கள். செய்கிறாள் என்றால், ஊட்டிக் கல்லூரியின் விண்ணப்பத்தைக் கடைசி நாள் வரை தள்ளிப்போடாமல் இந்த வாரமே போட்டுவிடுங்கள்.