ஐடி ஒன்றா, அரேயா? பிஎச்பி என்டிட்டி லோடிங்: வாசகர் கேள்விகள்

பிஎச்பியில் எழுதிய தள மென்பொருளான டுருபல் 10 இல், பதிவுகளை (என்டிட்டி) ஏற்றும் லோட்மல்டிபிள் ஃபங்ஷனை அழைத்தால், அரே (மதிப்புகளின் பட்டியல்) வரவேண்டிய இடத்தில் ஸ்ட்ரிங் (எழுத்துத் தொடர்) வந்திருப்பதாக டைப்எரர் (வகை பொருந்தாப் பிழை) காட்டுகிறது. ஐடி சரிதானே? (வெள்ளவத்தை)

ஐடி சரி, அதைச் சுற்றி அரே இல்லை. லோட் ஒரு ஐடியைக் கேட்கும். லோட்மல்டிபிளுக்கு ஒன்றேயானாலும் சதுர அடைப்புக்குள் போட்டுக் கொடுக்க வேண்டும். பிழை மறைந்தால் போதுமென்று நல் (மதிப்பே இல்லை என்ற குறி) மட்டும் அனுப்பாதீர்கள். நல் கொடுத்தால் அந்த வகையிலுள்ள எல்லாப் பதிவுகளையும் ஏற்றிவிடும். பெரிய தளமென்றால் மெமரி அங்கேயே தீர்ந்துவிடும். தேடலில் ஒன்றும் கிடைக்காதபோது வெற்று அரே அனுப்புங்கள், வெற்று அரேயே திரும்பும்.

பழைய டுருபல் 7 தளம் பிஎச்பி 8 இல் அரே ஃபிளிப் வரியில் விழுகிறது. (கொட்டாஞ்சேனை)

என்டிட்டி லோடுக்கு எங்கோ அரேக்குப் பதில் தனி ஐடி போகிறது. பிஎச்பி 7 இல் அது வெறும் வார்னிங், 8 இல் டைப்எரர். அழைக்கும் இடத்தைத் திருத்துங்கள்.

அடையாள அட்டை இலக்கத்தால் ஆளை ஏற்றுகிறோம். பழைய அட்டைகள் மட்டும் கிடைப்பதில்லை. (தெஹிவளை)

உங்கள் ஃபங்ஷன் இன்ட் (முழு எண்) கேட்கிறது, டைப்எரரை அடக்க யாரோ இன்ட் காஸ்ட் (முழு எண்ணாக மாற்றும் கட்டளை) போட்டிருப்பார்கள். பழைய இலக்கம் 9 எண்களும் வி அல்லது எக்ஸ் எழுத்தும். காஸ்ட் அந்த எழுத்தைச் சத்தமில்லாமல் வெட்டிவிடும். 2016 முதல் வந்த 12 எண் அட்டைகள் தப்பிவிடுவதால் கோளாறு கண்ணில் படாது. பிடிஓ (பிஎச்பியின் தரவுத்தள இணைப்பு) அதை ஸ்ட்ரிங்காக பைண்ட் செய்தால், அதாவது வினவலில் சேர்த்தால், ஒன்றும் பொருந்தாது. இன்டாக பைண்ட் செய்தால் இன்னும் மோசம்: மைஎஸ்கியூஎல் தரவுத்தளம் வார்கேர் (எழுத்து வகை) நெடுவரிசையை எண்ணாக மாற்றித்தான் ஒப்பிடும், வியும் எக்ஸும் ஒன்றாகிவிடும், தேடலை வேகமாக்கும் இன்டெக்ஸும் பயன்படாது. கணக்குப் போடாத இலக்கம் எண் அல்ல. பராமீட்டரையும் நெடுவரிசையையும் ஸ்ட்ரிங்காகவே வையுங்கள். 0 இல் தொடங்கும் தொலைபேசி இலக்கத்துக்கும் இதே விதி.

ஒரே அழைப்பு ஒரு ஃபைலில் ஓடுகிறது, மற்றதில் டைப்எரர். ஏன்? (பம்பலப்பிட்டி)

ஸ்ட்ரிக்ட் டைப்ஸ் (ஸ்ட்ரிங்கைத் தானாக இன்டாக மாற்றாமல் பிழை காட்டச் சொல்லும் வரி), அழைக்கும் ஃபைலின் தலைப்பில் இருக்கிறதா என்பதுதான் கணக்கு. யூஆர்எல் மதிப்பு எப்போதும் ஸ்ட்ரிங் (அரேயாகவும் வரலாம்), இன்டாக வராது. ஃபில்டர் வார் என்ற ஃபங்ஷனால் முழு எண்ணா என்று சோதித்து, ஃபால்ஸ் (இல்லை என்ற பதில்) வந்தால் அங்கேயே நிறுத்துங்கள். ஸ்ட்ரிக்ட் இல்லாத ஃபைலில் ஃபால்ஸ் 0 ஆகிவிடும். டுருபலில் பயனர் 0 என்றால் உள்நுழையாத விருந்தினர்.